கண்டோலன்ஸ் சொல்ல வந்தவர்கள்

எங்கள் கம்பெனியில் நாலு பாஷை ஓடுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நாலு பாஷைக்காரனும் ஒரே சொல்தான் சொல்வான். கண்டோலன்ஸ்.

எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. நான் எட்டாவதோடு நின்றவன். பேச்சும் குறைவு. அப்பா செத்தவனிடம், அம்மா செத்தவனிடம் என்ன பேசுவது என்று முன்பெல்லாம் திணறுவேன். ஓசூருக்கு வந்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. கையைப் பிடிக்க வேண்டும். கண்டோலன்ஸ் என்று சொல்ல வேண்டும். மெஷினுக்குத் திரும்பிவிடலாம்.

சாவுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. கேன்டீனில் சிக்கன் தீர்ந்து போனால் பரிமாறுகிறவர் காலிப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டி, கண்டோலன்ஸ் என்பார். கிரிக்கெட்டில் ஒரு டீம் தோற்றால் மறுநாள் அந்த டீம்காரன் முன்னால் வரிசையாக வந்து சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவனிடம்கூட ஒருவன் சொன்னான். சொன்னவன் அன்று காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான்.

நான் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். தகடு வைப்பேன், மெஷின் அடிக்கும், எடுப்பேன். வருஷக்கணக்காக அதே தகடு, அதே கான்ட்ராக்ட். அந்தத் தடவை எங்கள் ஷாப்பில் ஒருவரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கணக்கில் இருந்தது நானும் ஒரு திருச்சிப் பக்கத்துக்காரனும்.

எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். என்னைவிடச் சின்னவர். எல்லோரையும் அண்ணாச்சி என்பார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“அண்ணாச்சி, வேலையில ரெண்டு பேரும் ஒண்ணுதான். லீவு போடாதவருக்குத்தான் கெடைக்கும். இந்த மாசம் காய்ச்சல் வந்தாலும் இங்க வந்து படுங்க.”

அந்த மாதம் என் அப்பா இறந்தார்.

அப்பா எப்போதும் அப்படித்தான். நேரம் பார்க்க மாட்டார். என் கல்யாணத்துக்கு முதல் நாள் பல் பிடுங்கப் போனவர். கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் ஒரு கன்னம் வீங்கித்தான் நிற்பார்.

காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். “அப்பா போயிட்டாருடா” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அக்காவைத் தவிர யாருக்கும் பேச்சு வராது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அவர் ஷாப்புக்குள் இருந்தார். பின்னால் பிரஸ் அடிக்கிற சத்தம்.

“சார், அப்பா தவறிட்டாரு.”

“ஆங்?”

“அப்பா. தவறிட்டாரு. ஊருக்குப் போவணும்.”

“அய்யய்யோ. கண்டோலன்ஸ் அண்ணாச்சி. கண்டோலன்ஸ்.”

போன் நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

என் மனைவி பையில் துணி அடைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். அழுகையை நிறுத்திக் கேட்டாள்.

“லீவு குடுத்துட்டாரா?”

“கண்டோலன்ஸ் சொன்னாரு.”

“அப்பிடின்னா லீவா?”

“தெரியல.”

“ஏங்க, அதக் கேக்க மாட்டீங்களா? கண்டோலன்ஸ வாங்கி வெச்சிக்கினு என்னா பண்றது?”

பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். கழுத்தில் வேறு கம்பெனி அட்டை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஊருக்குப் போகிறவள். என் மனைவி அவளைத் தூங்க விடவில்லை.

“பாப்பா, கண்டோலன்ஸ்னா என்னாம்மா?”

“அனுதாபம்க்கா.”

“அனுதாபம்னா லீவு உண்டா?”

அந்தப் பெண் யோசித்தாள். “எங்க கம்பெனில அனுதாபம் தனி, லீவு தனிக்கா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சூளகிரி வரைக்கும் என் மனைவி மாமனாருக்காக அழுதாள். குருபரப்பள்ளியிலிருந்து பெர்மனென்ட்டுக்காக அழுதாள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். கல்லாவி பஸ் ஏறின பிறகு எதற்கு அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

கல்லாவிக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. கொஞ்சம் மாமரம், கொஞ்சம் நிலக்கடலை, ஒரு போர்வெல். போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நடந்ததை அம்மா சொன்னாள்.

“கழனிலேர்ந்து வந்தாரு. கட்டில்ல படுத்தாரு. மோட்டார நிறுத்துன்னாரு. நான் போயி நிறுத்திட்டு வந்தேன். போயிட்டாரு.”

அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டோம்.

ஆனால் ஊரில் அது போதாது. எங்கள் பக்கம் துக்கம் சொல்கிற பழக்கம் கிடையாது, துக்கம் கேட்கிற பழக்கம்தான். வருகிறவர்கள் கையைத் தொட்டுவிட்டு உட்காருவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, எப்படி ஆச்சு என்பார்கள். வீட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கம்பெனி முறையில் வந்தவனுக்கு வேலை. எங்கள் முறையில் செத்த வீட்டுக்காரனுக்கு வேலை.

நான் சொன்னது இதுதான்: “வந்து படுத்தாரு. போயிட்டாரு.”

ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. பத்து மைல் பஸ் ஏறி வந்தவர் ஒருவர், “அவ்ளோதானா?” என்று கேட்டார். என் தாய்மாமன் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

“மாப்ள, நீ சொல்றது ஆஸ்பத்திரி சீட்டுல எழுதுன மாதிரி இருக்குது. வந்தவங்க எப்பிடி அழுவாங்க? அக்காவ சொல்லச் சொல்லு.”

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் சொன்னபோது அப்பா மோட்டாரை நிறுத்தச் சொன்னதோடு தண்ணீரும் கேட்டார். இரண்டாம் நாள் தண்ணீர் காபி ஆயிற்று. அப்புறம் அப்பா பேரப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்துச் சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும் என்னிடம், “காபி குடிக்க மாட்டாரேடா” என்றாள்.

எனக்கு மனம் இதில் இல்லை. சூப்பர்வைசருக்கு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். என் சிம்முக்கு எங்கள் ஊரில் சிக்னல் மாமரத்துக்கு மேலேதான் கிடைக்கும். ஏறினால், துக்கக்காரன் மரம் ஏறுகிறான் என்று பேச்சு வந்துவிடும். விட்டுவிட்டேன்.

காரியத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கம்பெனி வேன் வந்தது.

முதலில் என் மனைவிதான் பார்த்தாள். “ஏங்க, உங்க ஆளுங்க” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. “ஆள வேலைய விட்டு எடுக்கறதுன்னா வீட்டுக்கே வந்து சொல்வாங்களா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

“உங்களுக்கு என்னாதான் தெரியும்?”

வேனிலிருந்து சூப்பர்வைசர் இறங்கினார். பின்னால் மேனேஜர் இறங்கினார். பெங்களூர்க்காரர். கன்னடத்தில் தமிழ் பேசுவார். எங்கள் ஷாப்புக்கு எப்போதாவது வருவார். என் மெஷின் பக்கம் வந்தால் குட் என்பார். அவ்வளவுதான் பழக்கம். டிரைவர் பின்கதவைத் திறந்து ஒரு மாலையை இறக்கினார்.

ஓசூர் ரோஜா மாலை. ஆள் உயரம். பிணத்துக்குப் போடுகிற மாலை. பிணம் போய் ஒரு வாரம் ஆகிறது. போட்டோவுக்குப் போடலாம் என்றால், பெரிய போட்டோ இன்னும் கிருஷ்ணகிரி ஸ்டுடியோவிலிருந்து வரவில்லை. வீட்டில் இருந்தது கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த உள்ளங்கை அளவுப் படம், கன்னம் வீங்கினது. அதை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம்.

மேனேஜர் மாலையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்ல மாட்டோம். சும்மா பார்த்தோம். அவரும் சும்மா நின்றார். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் சட்டை நனைந்தது. கடைசியில் சூப்பர்வைசர் முழங்கையால் இடித்தார். மேனேஜர் உள்ளே வந்து மாலையை அந்த நாற்காலிக்குப் போட்டார். படம் மறைந்தது. நாற்காலியும் மறைந்தது. அப்பா இருந்த இடத்தில் ஒரு ரோஜாப் புதர் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் அதைக் கும்பிட்டார்.

பிறகு என் கையைப் பிடித்தார்.

“கண்டோலன்ஸ்.”

நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும் என்று அதுவரை யோசித்ததில்லை. எப்போதும் சொல்கிறவனாகத்தான் இருந்திருக்கிறேன்.

உட்கார்ந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேலை உண்டா இல்லையா என்று நான் கேட்கலாம். துக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டால் ஊர் என்னைக் காறித் துப்பும். அவர் சொல்லலாம். அவரும் வாயைத் திறப்பதும் சூப்பர்வைசரைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். உள்ளே கதவிடுக்கில் என் மனைவி நின்று கையை ஆட்டினாள். கேளு, கேளு என்று. நான் கேட்கவில்லை.

மாமா இரக்கப்பட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவருக்குக் கன்னடம் வரும். மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் மண்டிக்குப் போய்ப் பழகின கன்னடம். அப்பா நல்ல மனுஷன் என்று சொன்னார்.

“ஒள்ளே மனுஷா, சார். ஃபர்ஸ்ட் குவாலிட்டி.”

மேனேஜர் “ஹவுது, ஹவுது” என்று ஆமோதித்தார். சூப்பர்வைசர் மறுபடியும் முழங்கையால் இடித்தார். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைப்போல் கேட்டார்.

“எப்டி ஆச்சு?”

அக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். காபி வந்தது. பேரப் பிள்ளைகள் வந்தார்கள். வானம் வந்தது. அத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். அக்கா மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். கதவிடுக்கில் நின்ற என் மனைவியை ஒரு தடவை பார்த்தாள்.

“எங்கப்பன் எங்கையப் புடிச்சிக்கினு சொல்லுச்சு சாமி. கண்ணு, எனக்கு ஒரே ஒரு கொறதான். ஓசூர்ல கீற எம்மவன் அந்தக் கம்பெனிய தெய்வமா நெனைக்கறான். அவன் பெர்மனென்ட் ஆவறதப் பாக்காம போறனே. அப்பிடின்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு.”

பந்தலில் இருந்தவர்கள் அழுதார்கள். தினமும் வந்து கேட்கிறவர்கள்கூட அழுதார்கள். அவர்களுக்கும் இது புதுசு.

அப்பாவுக்குப் பெர்மனென்ட் என்ற சொல் தெரியாது. நான் எந்தக் கம்பெனியில் இருக்கிறேன் என்பதும் தெரியாது. யாராவது கேட்டால், “எதோ தகரம் அடிக்கறான்” என்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் சாய்ந்து, “எப்படா சொன்னாரு?” என்று கேட்டாள்.

மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். எழுந்தார். என் கையை மறுபடியும் பிடித்தார்.

“கண்டோலன்ஸ்.”

 இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் வேனில் ஏறினார்கள். வேன் போய்விட்டது.

என் மனைவி வெளியே வந்தாள்.

“ஒண்ணும் சொல்லாமயே போறாங்களே!”

“சாவு வீட்ல சொல்லிக்கினா போவாங்க?” என்றார் மாமா.

“வேலைக்கி வான்னு ஒரு வார்த்த சொல்லலியே மாமா.”

“எப்பிடிம்மா சொல்வான்? இந்த வீட்ல வான்னு எவன் சொல்வான்? சொல்லியிருந்தா நானே சண்டைக்கிப் போயிருப்பேன்.”

“அப்ப வராதேன்னு அர்த்தமா?”

“அதயும் சொல்லலியே.”

“போயிட்டு வரேன்னும் சொல்லல. பொறவு எதுக்குத்தான் வந்தாங்க?”

 பந்தலில் இரண்டு கட்சி ஆயிற்று. ஆள் உயரத்துக்கு மாலை கொண்டுவந்தவன் வேலையை எடுக்க மாட்டான் என்று ஒரு கட்சி. வேலையை எடுக்கப் போவதால்தான் அவ்வளவு பெரிய மாலை என்று ஒரு கட்சி. அக்கா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவள் குரல் கட்டியிருந்தது. வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து கழனிக்குப் போனேன். நிலக்கடலை காய்ந்து கிடந்தது. மோட்டாரைப் போட்டேன். எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும் என்று அப்பாவுக்குத்தான் தெரியும். தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தொடும் வரைக்கும் நின்றேன். பிறகு நிறுத்தினேன்.

காரியம் முடிந்து ஓசூர் திரும்பினோம். மறுநாள் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள். காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் காட்டினேன். மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை நின்றது. ஒருவன் கண்டோலன்ஸ் என்றான். அப்பாவுக்குச் சொன்னானா சிவப்பு விளக்குக்குச் சொன்னானா தெரியவில்லை.

செக்யூரிட்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“ஆளே இல்லன்னு சொல்லுதுண்ணா.”

சரி என்று நினைத்தேன். ஓரமாக நகர்ந்து நின்றேன். சாப்பாட்டு டப்பாவைக் கையிலிருந்து பைக்குள் வைத்தேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வந்து நின்றேன், போகச் சொல்லிவிட்டார்கள். என் பாணியில் அவ்வளவுதான் வரும். இதற்கும் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும்.

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் வந்தார். என்னைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார்.

“அண்ணாச்சி! நீங்களா?”

தலையில் முடி இல்லை. மீசையும் இல்லை. காரியத்தில் எடுத்தது. மெஷினுக்கு என்னைத் தெரியவில்லை. சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“பேர எடுத்துட்டீங்களா சார்?”

“கான்ட்ராக்ட்ல எடுத்தாச்சு. பெர்மனென்ட்ல போட்டாச்சு. சாவுக்குப் போனது லீவுக் கணக்குல வராதுன்னு மேனேஜர் சாரு சொல்லிட்டாரு. அன்னைக்கு அதச் சொல்லத்தான வந்தோம்.”

“சொல்லலியே.”

“துஷ்டி வீட்ல நல்ல சேதி எப்படிச் சொல்ல? எங்க ஊர்லயும் சொல்ல மாட்டோம். சாரு ஒரு கையில மாலை, ஒரு கையில ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வண்டில ஏறிட்டாரு. நான்தான் ஸ்வீட்ட சீட்டுக்கு அடியில தள்ளுனேன். சார், வாங்கன்னு எதிர்பாக்காதீங்க, வரேன்னு சொல்லாதீங்க, நல்ல சேதிய மூச்சு விடாதீங்க, எப்படி ஆச்சுன்னு மட்டும் கேளுங்கன்னு சொல்லிக் கொடுத்தேன். அப்ப நாம எதுக்குப் போறோம்னு கேட்டாரு. கண்டோலன்ஸ் சொல்லன்னேன்.”

“ஸ்வீட்டு?”

“திரும்பி வரும்போது தின்னுட்டோம். சாரு தின்னல. உங்க அப்பா கடைசியா சொன்னத நெனச்சு ஓசூர் வரைக்கும் பேசவே இல்ல.”

“அது அக்கா சொன்னது சார். அப்பா மோட்டாரத்தான் நிறுத்தச் சொன்னாரு.”

சூப்பர்வைசர் சுற்றும் முற்றும் பார்த்தார். “அதச் சாருகிட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. மீட்டிங்ல பேசிட்டாரு. திருச்சிக்காரனே அழுதுட்டான்.”

திருச்சிக்காரனை உள்ளே பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவன்தான் வந்து கையைப் பிடித்தான். நல்லவன். அடுத்த தடவை அவனுக்கு என்கிறார்கள்.

மத்தியானம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். என் மொட்டைத் தலையைப் போட்டோ எடுத்து மெஷினில் ஏற்றினாள். பெர்மனென்ட் ஆளுக்கு என்னென்ன உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். யூனிபாரம். ஷூ. பஸ் பாஸ். பிள்ளைகளுக்கு நோட்டு.

“அப்புறம், அப்பா இறந்தா சம்பளத்தோட மூணு நாள் லீவு இருக்கு சார்.”

“இருந்தது ஒரே அப்பாம்மா. போயிட்டாரு.”

“அய்யோ. கண்டோலன்ஸ் சார்.”

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. என்னைச் சமாதானப்படுத்த எதையாவது தேடினாள்.

“அம்மா இருக்காங்களா சார்?”

“இருக்காங்க.”

“அப்ப ஒண்ணும் வேஸ்ட் ஆகாது சார்” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்ததும் வெளியே வந்து ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது என்று சொல்லத்தான் போட்டேன்.

“உடம்பு எப்பிடி இருக்குது?” என்று கேட்டேன்.

 அதுவரை நான் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

“நல்லாத்தான் கீறேன். ஏண்டா, என்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. நல்லாயிரு” என்றேன்.